மேல் ஒழுக்கு, கீழ் ஒழுக்கு

என்ஜின் ஒழுகியது. மேலே மண்ணெண்ணெய் ஒழுகியது, கீழே ஆயில் ஒழுகியது. பங்குனியில் ஆரம்பித்து ஐப்பசி வரை ஒழுகியது. அவ்வளவுதான் கதை.

விற்பனைக்கா? இல்லை. உம்மிடம் யார் சொன்னது? டெனிஸ் போனில் படம் போட்டிருப்பான். என் மகன்தான். திருநெல்வேலியில் இருந்துகொண்டு என் என்ஜினை விற்கிறான். நான்தான் விற்கச் சொன்னேன், அது வேறு. அப்போது சொன்னேன், இப்போது இல்லை. படத்தை எடுத்துவிடச் சொல்கிறேன்.

வெயிலில் வந்துவிட்டீர். அந்த மீன் பெட்டிமேல் உட்காரும். உடையாது. தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம்.

நன்றாக இருக்கிற என்ஜினை ஏன் விற்க நினைத்தேன் என்றா? ஒழுகியது என்று சொன்னேனே. சரி, கேளும். நடுவில் பேசாதீர்.

பத்தொன்பது வருடத்து என்ஜின் அது. இரண்டு ஆள் போகிற வள்ளம். பின்னால் என்ஜினில் நான். முன்னால் தூண்டிலில் கஸ்பார். என் மச்சினன், பெண்டாட்டியின் தம்பி. அவன் என்ஜினைத் தொடமாட்டான், நான் அவன் தூண்டிலைத் தொடமாட்டேன். அவன் கடலைப் பார்த்து உட்காருவான், நான் அவன் முதுகைப் பார்த்து உட்காருவேன். பத்தொன்பது வருடமாக அவன் முதுகுதான் எனக்குக் கடல். சட்டையில் எத்தனை கிழிசல் என்று கேட்டால் சொல்வேன்.

பங்குனியில் ஒருநாள் வள்ளத்துக்குப் பின்னால் தண்ணீரில் மயில்கழுத்து நிறம் தெரிந்தது. என்ஜின் மூடியைத் திறந்தால் உள்ளே மண்ணெண்ணெய் குளம் கட்டி நின்றது. எங்கள் என்ஜின் பெட்ரோலில் கிளம்பும், ஓட ஆரம்பித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். இரண்டிலும் ஆயில் கலந்திருக்கும். ஒழுகினால் சும்மா ஒழுகாது, பிசுபிசுவென்று ஒழுகும். துடைத்தேன். மறுநாளும் நின்றது.

குழாயை மாற்றினேன். கிளிப்பை முறுக்கினேன். கார்பரேட்டர் அடியில் புது அட்டை வெட்டி வைத்தேன். சோப்பு வைத்து அடைத்தேன். சோப்பு கரைந்து நுரைத்துக்கொண்டு ஒழுகியது.

சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. வள்ளத்தின் அடியில் தேங்கிய எண்ணெய் முன்னால் ஓடி கஸ்பார் காலடியில் நிற்கும். அவன் பாதம் வெடித்துத் தோல் உரிந்தது. ஒருநாள் திரும்பாமலே சொன்னான்.

"அத்தான், கால் எரியுது."

"உப்புத் தண்ணியிலே கழுவு."

"கழுவினாத்தான் எரியுது."

"எனக்கு எரியலையே."

"எண்ணெ முன்னாலதானே ஓடுது. உமக்கு எப்படி எரியும்?"

நியாயம்தான்.  பதில் சொல்கிற வழக்கம் எங்களுக்குள் கிடையாது.

ஆடியில் கணவாய் மீன் வந்தது. இந்தக் கரையில் கணவாய் வருகிற மூன்று மாதத்தில் சம்பாதித்தால்தான் மற்ற மாதம் அடுப்பு எரியும். வந்தது, நன்றாகவே வந்தது. கரையில் ஏலம் எடுக்கிற வியாகுலம் ஒரு கணவாயை எடுத்து மோந்து பார்த்தாள். ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"தொம்மையண்ணே, இதைச் சமைக்கவா, விளக்குல ஊத்தவா?"

எல்லாரும் சிரித்தார்கள். கஸ்பார் சிரிக்கவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு போய்க் கடலில் கொட்டிவிட்டு வந்தான். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது.

மறுநாள் என்ஜினைக் கழற்றிக் குளச்சலுக்குக் கொண்டு போனேன். மெக்கானிக் பீர்க்கண்ணு. கெட்டிக்காரன், ஆனால் பேச்சு ஜாஸ்தி. பார்த்த உடனே சொன்னான்.

"பெரியவரே, இது ஒரு ஒழுக்கு இல்லை, ரெண்டு. மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு. நீரு ரெண்டையும் சேர்த்து வச்சுக்கிட்டு ஒண்ணைத் தேடுதீரு. எப்படிக் கிடைக்கும்?"

கீழே கியர்ப் பெட்டியின் திருகைக் கழற்றினான். ஆயில் வந்தது, பால் விட்ட காப்பி மாதிரி. "தண்ணி ஏறியிருக்கு," என்றான். தண்ணீரில் சுற்றுகிற விசிறியைக் கழற்றினான். அதன் பின்னால் தண்டில் தங்கூசி சுற்றிக் கிடந்தது. தூண்டிலுக்குப் போடுகிற நைலான் நரம்பு. சுற்றிச் சுற்றி இறுகி, சூட்டில் உருகி, ஆயிலை அடைத்து வைக்கிற ரப்பர் சீல் வளையத்தைக் கத்தி மாதிரி அறுத்து வைத்திருந்தது.

"இதான் உம்ம கீழ் ஒழுக்கு," என்றான். புது சீல் போட்டான். அத்தோடு கீழ் ஒழுக்கு நின்றது. இன்று வரை ஒரு சொட்டு இல்லை.

மேல் ஒழுக்குக்கு என்ஜினைத் தண்ணீர் டிரம்மில் மாட்டினான். எல்லாவற்றையும் பெட்ரோல் போட்டுத் துடைத்தான். முகத்துக்குப் போடுகிற பவுடரை எடுத்து கார்பரேட்டரைச் சுற்றித் தூவினான். "சொட்டு எங்கே கிளம்பினாலும் பவுடர்ல கோடு விழும்," என்றான். புத்திசாலித்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஸ்டார்ட் பண்ணினான். கால் மணி நேரம் ஓடியது. பவுடர் பவுடராகவே இருந்தது. நிறுத்தி மறுபடி ஓட்டினான். மூன்று தடவை. கோடு விழவில்லை.

"ஒழுகலியே."

"ஒழுகும்."

"எங்கே ஒழுகுது? காட்டும்."

"கடலிலே ஒழுகும்."

"கடலை நான் கடைக்குள்ள கொண்டாரவா?"

இவனிடம் என்ன பேசுவது? எண்ணெயை அடைத்துத் திறக்கிற கார்பரேட்டர் ஊசியை மட்டும் மாற்றச் சொன்னேன். பழசு தேயவில்லை என்றான். மாற்று என்றேன். மாற்றினான். கிளம்பும்போது அந்தத் தங்கூசிச் சுருளைக் கேட்டு வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன்.

எதற்கா? கஸ்பாருக்குக் காட்ட. கரைக்கு வந்து அவன் முன்னால் போட்டேன். "பார். உன் தங்கூசி. அறுத்து அறுத்துத் தண்ணியிலே போட்டா எங்கே போகும்? என் என்ஜினைத்தான் அறுக்கும். ஏழு மாசம் அலைஞ்சேன். நீ பண்ணின வேலை."

அப்போது ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. கோபத்தில் ஏழு என்று வந்துவிட்டது.

அவன் சுருளை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்தான். "ஆமா, என்னுதுதான்," என்றான். பையில் போட்டுக்கொண்டான். எனக்கு நிம்மதி. யார் தப்பு என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மறுநாள் கடலில் வைத்தோம். மூடிக்குள் குளம்.

கடலில் எப்படிக் கிளம்புவோம் என்று சொல்லவில்லையே. அலையைத் துடுப்பால் தாண்டி, தண்ணீர் அடங்கின இடத்துக்குப் போய்த்தான் என்ஜினைத் தொடுவேன். எண்ணெய்க் குழாயின் நடுவில் ரப்பர்க் குண்டு ஒன்று உண்டு, கைக்குள் அடங்கும். அதை அமுக்கினால் டேங்கிலிருந்து எண்ணெய் ஏறும். ஏறினதும் கயிற்றை இழுத்தால் பிடிக்கும். அதற்கு முன்னால் கொஞ்சம் ஜெபம். நான் பாதி சொல்வேன், முன்னால் இருந்து கஸ்பார் மீதிப் பாதி சொல்வான். நான் ஜெபத்துக்கு அலைகிற ஆள் இல்லை. வீட்டில் அவள்தான் சொல்வாள், என் பெண்டாட்டி செலஸ்தம்மாள். நான் கடலுக்குப் போகிற நேரத்தில் ஜெபமாலையின் ஐம்பத்துமூன்று மணியும் சொல்லி முடித்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். போன மாசியில் போய்விட்டாள். ஒருவர் சொல்லிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட முடியுமா? அதனால் நான் சொல்கிறேன். அது இருக்கட்டும்.

ஒழுக்குக்கு வருகிறேன். ஆவணி முழுக்க ஒழுகியது. புரட்டாசி முழுக்க ஒழுகியது. குளச்சலுக்கு இன்னும் இரண்டு தடவை தூக்கிக்கொண்டு போனேன். பீர்க்கண்ணு கடையில் வைத்தால் சொட்டு இல்லை. என்னை ஒரு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தான். "பெரியவரே, வீட்ல வேற யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டான். என்ஜின் பார்க்கச் சொன்னால் இவன் என்னைப் பார்க்கிறான்.

என்ஜினை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்தேன். அவள் கட்டில் சும்மாதான் கிடந்தது. அதன் ஓரத்தில் சாய்த்து நிறுத்தினேன். கீழே ஒரு பேசின் வைத்தேன். அவள் கடைசி மாதம் வாந்திக்கு வைத்திருந்த பேசின். பகல் முழுக்க எதிரில் உட்கார்ந்திருந்தேன். ஒரு சொட்டு விழவில்லை. அந்த மாசியிலும் இப்படித்தான் அந்தப் பேசினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது விழக்கூடாது என்று உட்கார்ந்தேன், இப்போது விழவேண்டும் என்று. இரண்டும் நடக்கவில்லை. மண்டையை உடைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஐப்பசி முதல் வாரம். நல்ல மீன்பாடு. அன்றைக்குக் கணவாயைச் சாக்கில் கட்டித் தனியாகத் தொங்கவிட்டிருந்தோம், எண்ணெய் படாமல். கரைக்கு வருமுன் மண்ணெண்ணெயிலிருந்து பெட்ரோலுக்கு மாற்ற வேண்டும். அலை உடைகிற அலைவாய்க்குச் சற்று வெளியே மாற்றினேன். இருமியது. நின்றது.

பின்னால் பெரிய அலை மூன்று எழும்பி வருகிறது. கயிற்றை இழுக்கிறேன், பிடிக்கவில்லை. குண்டை அமுக்குகிறேன். ஜெபம் தானாக வந்தது. அமுக்குகிறேன், சொல்கிறேன், இழுக்கிறேன். மூடிக்கு வெளியிலேயே வழிகிறது. மறுபடி அமுக்குகிறேன்.

"அத்தான், துடுப்பை எடும்!"

"இப்பப் பிடிச்சுடும்!"

"அத்தான், துடுப்பு!"

"பிடிச்சுடும்லே!"

பிடிக்கவில்லை. முதல் அலை வள்ளத்தைக் குறுக்கே திருப்பியது. கஸ்பார் தண்ணீரில் குதித்து அணியத்தைப் பிடித்துத் திருப்பினான். வள்ளத்தின் மூக்கு. அதை அலைக்கு நேரே பிடித்தால்தான் கவிழாது. திருப்பிவிட்டான். இரண்டாவது அலையில் வள்ளம் அவனைக் கரை மணலில் கொண்டுபோய் அடித்து, கணுக்கால்மேல் ஏறி உட்கார்ந்தது.

அவன் குதித்திருக்கக் கூடாது. குதி என்று நான் சொல்லவில்லை.

எலும்பு உடையவில்லை, விலகியிருந்தது. கட்டுப் போட்டார்கள். நான் பார்க்கப் போனேன். மூன்று பன் ரொட்டி வாங்கிக்கொண்டு போனேன். அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அந்த முதுகைத்தான் எனக்குத் தெரியுமே. அதனிடமே கேட்டேன்.

"கால் எப்படி?"

"ஆறிடும். ஆறினதும் சிலுவைதாசன் வள்ளத்துல போறேன்."

"ஏன்?"

"கேள்வியப் பாரு," என்றது முதுகு.

அவ்வளவுதான். நான் ரொட்டியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஓய், உமக்குப் புரிகிறதா? ஒற்றை ஆளாக வள்ளத்தைத் தள்ள முடியாது. என்னோடு வேறு யாரும் வரமாட்டார்கள். ஏன் என்று கேட்காதீர், இந்த ஊர் அப்படி. கஸ்பார் இல்லை என்றால் கடல் இல்லை. கடல் இல்லை என்றால் திருநெல்வேலி, மூன்றாம் மாடி. டெனிஸ் வீட்டு ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டு ஜன்னல். மருமகள் நல்ல பெண். "மாமா, காலாற நடந்துட்டு வாங்க," என்பாள். எங்கே நடப்பது? எதைப் பார்த்து?

ஒரு வாரம் இந்த முற்றத்திலேயே இருந்தேன். சோறு இறங்கவில்லை. அப்புறம்தான் டெனிஸுக்குப் போன் பண்ணி, விற்றுவிடு என்றேன். "நிஜமாவாப்பா?" என்றான். நாலு தடவை கேட்டான். நாலாவது தடவை நான் போனை வைத்துவிட்டேன்.

அதற்கு மறுநாள் காலை, பத்து மணி இருக்கும், கஸ்பார் கம்பு ஊன்றிக்கொண்டு வந்தான். தூண்டில் பெட்டியை எடுத்துப் போக வந்திருக்கிறான். இந்த முற்றத்தில்தான்.  பெட்டியைக் காட்டினேன். அவன் எடுத்தான், கிளம்பினான். என்னால் தாங்க முடியவில்லை.

"பார்த்துட்டுப் போலே," என்றேன். "நான் ஏதோ என்ஜினை வச்சுப் பார்க்கத் தெரியாம உன் காலை ஒடிச்ச மாதிரி ஊரெல்லாம் பேசுது. நீயே பார். எங்கே ஒழுகுதுன்னு நீயே சொல்லு."

"எனக்கு என்ஜின் தெரியாது, அத்தான்."

"தெரியாட்டி என்ன. கண்ணு இருக்குல்ல."

அவன் மீன் பெட்டிமேல் உட்கார்ந்தான். இதோ, நீர் உட்கார்ந்திருக்கிற இடம்தான். நான் டிரம்மில் தண்ணீர் நிரப்பி என்ஜினை மாட்டினேன். துடைத்தேன். வீட்டில் பவுடர் டப்பா ஒன்று அடியில் கொஞ்சம் மிச்சத்தோடு கிடந்தது, அவளுடையது. தட்டித் தட்டிக் கொட்டினேன். முற்றம் முழுக்க அந்த வாசனை. கஸ்பார் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

சிலுவை போட்டேன். குண்டைக் கையில் எடுத்தேன். "அருள் நிறைந்த மரியாயே" என்று ஆரம்பித்தேன். முதுகுக்குப் பின்னாலிருந்து "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று பதில் வந்தது. பழக்கதோஷம், அவனையும் மீறி வந்துவிட்டது. வாழ்நாளில் முதல் தடவையாக அவன் என் முதுகுக்குப் பின்னால் இருந்தான். சொன்னோம். ஐந்து, பத்து, பன்னிரண்டு. பதினைந்தாவது மணிக்குப் பதில் வரவில்லை.

"சொல்லுலே," என்றேன்.

"அத்தான், அது என்னது கையிலே?"

"குண்டு. எண்ணெ ஏத்துறது."

"மணிக்கு ஒண்ணா அமுக்குதீரு?"

"பின்னே? ஒரு கை என்ஜின்ல, ஒரு கை குண்டுல. ஜெபமாலையை வாயிலயா கவ்வ? குண்டுலதான் எண்ணுவேன்."

"ஐம்பத்துமூணுமா?"

"ஐம்பத்துமூணும்தான்."

"முன்னாடி எத்தனை அமுக்குவீரு? அக்கா இருந்தப்போ?"

"மூணு. பிதா, சுதன், பரிசுத்த ஆவி. இழுப்பேன், பிடிக்கும்."

 கம்பை ஊன்றி எழுந்து வந்தான். பவுடரைக் காட்டினான். கார்பரேட்டர் ஓரத்தில் கோடு விழுந்திருந்தது. ஈரக் கோடு, விரல் நீளத்துக்கு. ஏழு மாதமாக நான் தேடிய கோடு. என் கையிலிருந்த குண்டைத் தொட்டுப் பார்த்தான். கல்லாக இருந்தது. உள்ளே இருக்கிற ஊசி எவ்வளவைத்தான் தாங்கும்? அது பாட்டுக்குத் திறந்து வழியவிட்டிருக்கிறது.

என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். நான் விடவில்லை, அவன்தான் பிரித்தான்.

"எல்லாத்தையும் துடையும்," என்றான். துடைத்தேன். மறுபடி பவுடர். மூன்று மட்டும் அமுக்கச் சொன்னான். இழுத்தேன். முதல் இழுப்பில் பிடித்தது. அரை மணி நேரம் ஓடியது. காய்ந்தே இருந்தது. நிறுத்தி, துடைத்து, ஐம்பத்துமூன்று அமுக்கினோம். கோடு. மறுபடி மூன்று. கோடு இல்லை. பீர்க்கண்ணு கடையில் ஏன் ஒழுகவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அவன் பள்ளிவாசல்காரன், மூன்று நாலு தடவை அமுக்கிவிட்டுக் கயிற்றை இழுக்கிறவன்.

கஸ்பார் மண்ணில் உட்கார்ந்து சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அக்காவுக்கு மட்டும் இது தெரிஞ்சா உம்மைத் துடைப்பத்தாலயே அடிப்பா," என்றான். சிரித்துக்கொண்டே இருந்தவன் எப்போது நிறுத்தினான் என்று தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் டிரம்மைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் போன இந்த ஒன்பது மாதத்தில் அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பார்த்ததில்லை. இவனுக்குக் கல்நெஞ்சு என்றுதான் நினைத்திருந்தேன். முதுகில் என்ன தெரியும்?

"ஜெபத்தை நிறுத்தமாட்டேன்," என்றேன்.

"யாரு நிறுத்தச் சொன்னா?"

"கையில எண்ணாட்டி எனக்குக் கணக்குத் தப்பும்."

"நீரு எண்ண வேண்டாம். நான் சொல்லுதேன். அவ உம்ம பெண்டாட்டி மட்டும் இல்ல, எனக்கு அக்கா. என் கை சும்மாதான் கிடக்கு. நீரு மூணு அமுக்கிட்டுக் கையை எடும். பின்பாதி மட்டும் சொல்லும்."

"சிலுவைதாசன் வள்ளம்?"

"அவன் வள்ளத்துல பாட்டு வைக்கான். தலைவலி," என்றான்.

இப்போது அப்படித்தான். முன்னால் அவன் ஜெபமாலையை விரலில் ஓட்டிக்கொண்டு ஆரம்பிப்பான். பின்னால் நான் பதில் சொல்வேன். கை மடியில் கிடக்கும். முதலில் என்ன செய்வது என்று தெரியாமல் விரல் துடித்தது, இப்போது பரவாயில்லை. வள்ளம் காய்ந்து கிடக்கிறது. வியாகுலம் கணவாயை மோந்து பார்க்காமலே கூடையில் போடுகிறாள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கை என்னுடையதுதான், ஆனால் நல்ல ஊசியாக இருந்தால் தாங்கியிருக்கும். அந்தத் தங்கூசியும் அவனுடையதுதான், அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

எழுந்துவிட்டீரா? போய் வாரும். வழியில் யாரைக் கேட்டாலும் பீர்க்கண்ணு சரி பண்ணினான் என்று சொல்வார்கள். கீழ் ஒழுக்கை அவன்தான் அடைத்தான், இல்லை என்று சொல்லவில்லை. மேல் ஒழுக்கை அடைத்தது என்ஜின் தெரியாத ஒருத்தன். செலஸ்தம்மாளின் தம்பி, கஸ்பார்.